அண்ணனுக்குக் கேட்ட இரைச்சல்

அண்ணனுக்கு அச்சகத்தில் ‘காது’ என்றுதான் பெயர். பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்கு அவருடைய சொந்தப் பெயரே தெரியாது. ஓடுகிற மெஷின் பக்கத்தில் நின்று தலையைச் சாய்ப்பார். “பேரிங் போகப் போகுது, நிறுத்து” என்பார். கழற்றிப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும். நிர்வாகம் கொடுத்த காதடைப்பான் உறை பிரிக்காமலேயே அவருடைய மேஜையில் கிடந்தது. அதை மாட்டிக்கொண்டால் மெஷின் பேசுவது எப்படிக் கேட்குமாம்! அந்தப் பட்டப்பெயர் அவரை எவ்வளவு ஏற்றிவிட்டிருந்தது என்பதற்கு இதுவே போதும்.

வீட்டில் அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு இசைத்தட்டு. பாட்டைவிட, பாட்டுக்கு முந்தின அமைதிதான் அவருக்கு முக்கியம். பழைய ஆம்ப்ளிஃபயரில் முள் தட்டைத் தொடும் முன்பே ஓர் உறுமல் வரும். வேலையில் இருந்த காலத்தில் ஒருநாள், பெரிய கடை ஒன்றில் உயர்ரக ப்ரீஆம்ப் ஒன்றைக் காட்டினார்கள். பிளேயரிலிருந்து வரும் மெலிந்த ஒலியை வாங்கி, அழுக்கில்லாமல், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்கு அனுப்பும் பெட்டி அது. வால்யூம் அங்கேதான், எந்தப் பிளேயர் என்று தேர்ந்தெடுப்பதும் அங்கேதான். கடைக்காரர் எதையும் ஓடவிடாமல் வால்யூமை மட்டும் ஏற்றி, ஸ்பீக்கரில் காதை வைக்கச் சொன்னாராம். “ஒண்ணுமே இல்லடா! சுத்தமா ஒண்ணுமே இல்ல!” என்று வந்து குதித்தார். ஒன்றுமில்லாததைக் கேட்டுவிட்டு இப்படி ஆடிய மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்றதும் அதை வாங்கினார். சமையலறைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அண்ணியோ, “இத்தனை வருஷம் கேட்டவர், இப்பவாவது வாங்கிக்கட்டும்” என்று வாளியை நகர்த்தி வைத்தாள்.

கடை மெக்கானிக் வந்து மாட்டிக்கொடுத்தார். ப்ரீஆம்ப்பும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியும் தனித்தனி. இரண்டையும் தள்ளி வைக்க வேண்டும். பாட்டு வரும் கேபிளும் கரண்ட் கேபிளும் ஒட்டக் கூடாது. போடும்போது ப்ரீஆம்ப் முதலில், பவர் ஆம்ப் கடைசியில், அணைக்கும்போது தலைகீழ். அண்ணன் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். வெளிச்சம் கவனத்தைக் கெடுக்கும் என்று பெட்டிகளில் எரிந்த குட்டி விளக்குகள் எல்லாவற்றின் மேலும் கறுப்பு டேப்பை ஒட்டினார். பிறகு வால்யூமை ஏற்றிவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

முகம் சுருங்கியது. “ஈன்னு ஒரு சத்தம் வருதே.”

மெக்கானிக் குனிந்து கேட்டார். “இல்லையே சார்.” எனக்கும் கேட்கவில்லை. ஆனால் என் காதை அந்த வீட்டில் யார் மதித்தார்கள்?

அண்ணி ஈரக்கையோடு வந்தாள். ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். “ஆமாங்க, லேசா கேக்குது” என்றாள்.

“பார்த்தீங்களா!” என்றார் அண்ணன். அன்றைக்குப் பிடித்தது சனி.

எர்த் ஒயரை மாற்றினோம். கேபிளை மாற்றினோம். ஃப்ரிட்ஜிலிருந்து வருகிறதோ என்று அதை அணைத்து வைத்ததில் பாலெல்லாம் திரிந்தது. மெக்கானிக் வேறொரு ப்ரீஆம்ப்பையே கொண்டுவந்து மாட்டினார். அதிலும் ‘ஈ’. ஒவ்வொரு தடவையும் அண்ணி வந்து குனிந்து, “இருக்குங்க” என்று சாட்சி சொன்னாள்.

மெக்கானிக் ஒருநாள் வாசலில் என்னை ஓரம் கட்டினார். “பெட்டியில ஒண்ணும் இல்ல சார். மெஷின்ல நின்னவங்களுக்கு காதுக்குள்ளயே இப்படிச் சத்தம் வரும்னு சொல்வாங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க.”  நேராக அண்ணியிடம் போனேன்.

“உங்களுக்கு நிஜமாவே கேக்குதா அண்ணி?”

அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. “எனக்கு எங்க தம்பி கேக்குது? எல்லாரும் இல்லைன்னா அந்த மனுஷன் தனியா ஆயிடுவாரே. ஊரே காதுன்னு கூப்பிட்ட ஆளு. நானாவது கூட இருக்கேனே.”

எனக்குக் கோபம்தான் வந்தது. பொய் சொல்லிப் பூசி மெழுகினால் வைத்தியம் எப்படி நடக்கும்? கத்தத்தான் வாயெடுத்தேன். அவள் கண் கலங்கியிருந்ததால் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். அண்ணி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். “நேத்து கரண்ட் போயிருந்தப்பவும் கேட்டுச்சுடா” என்றார்.  “அவளுக்கும் கேக்குதுன்னுதான் ஒரு தைரியத்துல இருக்கேன். நீ பின்னாடி போயி மொத்த செட்டோட ப்ளக்கையும் புடுங்கு. வாயத் திறக்காத.”

பிடுங்கினேன். விளக்குகள்தான் டேப்புக்கு அடியில் இருந்தனவே. பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அண்ணன் அவளைக் கூப்பிட்டார். ஸ்டாண்டுக்குப் பின்னால் ப்ளக்கைக் கையில் பிடித்தபடி குந்தியிருந்தேன். வேண்டாம் அண்ணி, இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அண்ணன் என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இப்ப கேக்குதா பாரு.”

அவள் குனிந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, நிஜமாகவே கேட்பது போல நேரம் எடுத்துக்கொண்டாள். “கேக்குதுங்க. ஆனா நேத்தைக்கு இன்னைக்கு தேவலை.”

அண்ணன் என் கையில் இருந்த ப்ளக்கையே பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. காது போனதும் தெரிந்துவிட்டது, இவள் இத்தனை நாள் எதற்காகக் குனிந்தாள் என்பதும் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது.

பிறகு எனக்குக் கை காட்டினார். ப்ளக்கைச் செருகினேன். சுவிட்சுகளை முறைப்படி ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

“நின்னுடுச்சு” என்றார்.

“நின்னுடுச்சா?” அண்ணி குனிந்தாள்.

“சுத்தமா நின்னுடுச்சு. தம்பிதான் ப்ளக்கை ஒழுங்கா சொருகினான். அதுல இருந்த கோளாறு.”

“ஆமாங்க, எனக்கும் கேக்கல” என்றாள் அண்ணி. அந்தச் சத்தத்தைப் பற்றி அவரிடம் அவள் சொன்ன முதல் உண்மை அதுதான். சிரித்துக்கொண்டே மாடிக்கு ஓடினாள். அண்ணன் தட்டைப் போட்டு உட்கார்ந்தார். என்ன கேட்டதோ, கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு அந்தச் சத்தத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. டாக்டரிடம் என்னை மட்டும் அழைத்துப்போனார். இனி குறையாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். “அவகிட்ட மூச்சு விடாத” என்றார் அண்ணன். சாகிறவரை அந்த ‘ஈ’யோடுதான் பாட்டுக் கேட்டார். நானும் அவளிடம் சொல்லவில்லை.

போன வாரம் அண்ணியைப் பார்க்கப் போனேன். விளக்குகள் மேல் டேப் அப்படியே இருந்தது. அவள் ப்ரீஆம்ப்பைப் போட்டு, காத்திருந்து, பவர் ஆம்ப்பைப் போட்டு, வால்யூமை ஏற்றினாள். தட்டு எதுவும் வைக்கவில்லை. ஸ்பீக்கர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தாள்.

“என்ன அண்ணி கேக்கறீங்க?”

“அவருக்குக் கேட்டுச்சே, அந்தச் சத்தம். எப்படித்தான் இருக்கும்னு தினமும் போட்டுப் பாக்கறேன் தம்பி. எனக்குக் கேக்கவே மாட்டேங்குது.”

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.