வெட்டுப்பட்ட துறைமுகம்

அலுவலகத்தில் அவளுக்கு ‘மோப்பம்’ என்று பெயர். வெளிவரப்போகும் வீடியோ கேமிலிருந்து ஏதாவது முன்கூட்டியே இணையத்தில் கசிந்தால், அது யார் கைவரிசை என்று கண்டுபிடிப்பது அவள் பிழைப்பு. “குளிச்சிட்டுத்தானே வரேன், ஏன் எல்லாரும் ஒதுங்குறீங்க?” என்று அவளே கேலி பேசுவாள். ஆனாலும் காபி அறைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு சட்டென்று அறுந்துவிடும். காட்சிகளை வரையும் ஓவியப் பெண் ஒருத்திதான் நகர்ந்து உட்கார்ந்து, “இங்க வாங்கக்கா” என்பாள்.

ஒருநாள் துறைமுகப் படம் ஒன்று கசிந்தது. திரையைப் போனில் எடுத்த மங்கல் படம். ஒவ்வொருவருக்கும் போகும் பிரதியில் சின்னதாக எதையாவது ரகசியமாக மாற்றிவைப்பது மோப்பத்தின் வழக்கம். ஒருவருக்குப் படகின் பாயில் ஒட்டு, இன்னொருவருக்கு விளக்குக் கம்பத்தில் காக்கை. படத்தைப் பெரிதாக்கினாள். படகுக் கயிறு இரண்டு சுற்றாகக் கிடந்தது. அது ஓவியப் பெண்ணின் பிரதி.

அவளை மாடிப்படியில் மடக்கிக் கேட்டாள். “ஏண்டி இப்படிப் பண்ணின?”

“அந்தத் துறைமுகத்தையே கேம்லருந்து வெட்டிட்டாங்கக்கா. வருஷக்கணக்கா வரைஞ்சேன். ஒரு ஆளாவது பார்க்கட்டும்னு தோணுச்சு.”

“நான் வெச்ச அடையாளம் இருக்கும்னு தெரியாதா?”

“கயித்தை நான் அப்படிச் சுத்தலையே, பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சு. அதை அழிச்சா வேற யார் தலையாவது உருளும். மனசு வரல.”

மறைத்துவிடலாமா என்று மோப்பம் யோசித்தாள். மறைத்தால் மொத்தக் குழுவையும் குடைந்தெடுப்பார்கள்.

“நீங்களே சொல்லிடுங்கக்கா,” என்று ஓவியப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மோப்பம் மேலாளரிடம் சொன்னாள். மதியத்துக்குள் ஓவியப் பெண்ணின் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தப் படத்தைத் தன்னுடையது என்று இனி எங்கும் காட்டக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

படத்தை இணையத்திலிருந்து எடுக்கவைப்பதும் மோப்பத்தின் வேலைதான். அதன் கீழே முகம் தெரியாதவர்கள் எழுதியிருந்தார்கள்: “இந்த ஊர்ல போய்க் குடியிருக்கணும் போல இருக்கு.” “யாருப்பா வரைஞ்சது?” அவற்றைப் படித்துக் காட்டலாம் என்று ஓவியப் பெண்ணுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் படத்தை எடுக்கச் சொல்லி ஒவ்வொரு இணையதளத்துக்கும் எழுதினாள். மாலைக்குள் படமும் போனது, கீழே இருந்த வார்த்தைகளும் போயின.

“சபாஷ், மளமளன்னு முடிச்சிட்டீங்களே,” என்று மேலாளர் பாராட்டிவிட்டுப் போனார். அவள் எழுந்து கழிப்பறைக்குப் போய், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி அழுதாள்.