புகார் போய்ச் சேர்ந்த இடம்

கொல்லிமலைக்கு வேன் விடும் ஒரு நிறுவனத்தின் மலையடிவாரக் காரவள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்தான். வாடிக்கையாளர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளைக் கம்ப்யூட்டரே பிரித்து அனுப்பும்படி அமைத்ததும் நான்தான். செய்தியில் வண்டி எண் இருந்தால், அனுப்பியவர் பெயரோடு நேராக அந்த வண்டியின் டிரைவருக்குப் போய்விடும். வேனில் மறந்த பைகள் உடனே திரும்பக் கிடைத்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு காலையில் வாசலில் அலறல் கேட்டது. தினமும் மிளகு பறிக்க மலைக்குப் போகும் மல்லிகா அக்காவின் முடியைப் பிடித்து, எங்கள் டிரைவர் ஒருவன் அவர் தலையை வேன் கதவில் மோதினான். மறு கையிலிருந்த செல்போனைப் பார்த்துப் படித்தான்.

"'வணக்கம் ஓட்டுநரே, உங்களுக்கு ஒரு செய்தி!' நான் குடிச்சுட்டு ஓட்டறனாடி?"

ஒவ்வொரு செய்தியோடும் கம்ப்யூட்டர் சேர்த்து அனுப்பும் அந்த வணக்கம் நான் எழுதியது.

ஓடிப்போய்க் குறுக்கே விழுந்தேன். எனக்கும் உதை விழுந்தது. ஆட்கள் வந்து அவனை இழுத்துப் பிடித்தார்கள்.

அக்கா ரத்தத்தைத் துப்பினார். "ஆபீசுக்குத்தானே கண்ணு அனுப்புனேன்? அவங்கிட்ட எப்படிப் போச்சு?"

"நான்தான் அப்படிப் போக வெச்சேனுங்க்கா."

போலீஸ் ஸ்டேஷனிலும் அதையே எழுதிக் கொடுத்தேன். இப்போது புகார்கள் எல்லாம் எனக்கு மட்டுமே வருகின்றன. அக்கா மட்டும் எதையும் அனுப்புவதில்லை. நேரில் வந்து, என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார்.