முள்முருங்கைப் பூ வைத்த பக்கம்

புத்தகத்துக்குள் பூ வைப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இருபத்திரண்டு வருடமாக இந்தச் சின்ன நூலகத்தில் இருக்கிறேன். மயிலிறகு, பஸ் டிக்கட், மாத்திரை அட்டை, ஒரு தடவை முழுசாக ஒரு அப்பளம், எல்லாம் பக்கங்களுக்கு நடுவிலிருந்து எடுத்திருக்கிறேன். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பூ அப்படியில்லை. சாறு விடும், கறை பிடிக்கும், பிறகு பூச்சி வரும்.

கண்டியில் மாசிக் கடைசியிலேயே காற்று மாறிவிடும். வாவிக்கரையில் இளஞ்சிவப்புப் பூக்கள் நடைபாதையெல்லாம் கொட்டிக் கிடக்கும். நூலகத்துக்குப் பின்னால் ஒரு குயில், பாவி, மத்தியானத் தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரம் பார்த்துத்தான் கூவும். அப்படியொரு மத்தியானம் தமிழ் அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கனமான பழைய நாவல் ஒன்றுக்குள்ளிருந்து சிவப்பாய் ஓர் இதழ் எட்டிப் பார்த்தது. கப்பலேறிப் போன புருஷனைத் தேடிப் புறப்படும் ஒருத்தியின் கதை அது. திகதி முத்திரை குத்தும் தாளைப் பார்த்தேன், வெறுமையாக இருந்தது. யாருமே வீட்டுக்கு எடுத்துப் போகாத புத்தகத்தில் பூ எப்படி வந்தது? திட்டிக்கொண்டே இதழைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

இரண்டு கிழமை கழித்து அதே புத்தகத்தில், வேறொரு பக்கத்தில், மறுபடி அதே சிவப்பு. அதையும் போட்டேன்.

முதல் சந்தேகம் எதிர்க்கடை நானாவின் மேல்தான். கொப்பி, பேனை விற்கும் கடை அவருடையது. தினமும் காலையில் வந்து பத்திரிகையைச் சத்தம் போட்டு வாசிப்பார். "இது மனசுக்குள்ள வாசிக்கிற இடம் நானா" என்று நான் சொல்வதும், "மனசுக்குள்ள வாசிச்சா எனக்கே கேக்காதே தங்கச்சி" என்று அவர் சொல்வதும் அன்றாட வழக்கு. பூவைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். "எனக்கு வாழ்க்கையில பூவுக்கு எங்க நேரம்? கடையில பேனை எண்ணவே காணாது."

அடுத்த ஞாயிறு, சாமான் வாங்க வத்தேகமச் சந்தைக்குப் போனேன். பஸ் வளைவில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு முள்முருங்கை நின்றது. இலையே இல்லை, கிளையெல்லாம் பூ. கூடையில் போட்ட அதே சிவப்பு! மேலே தேயிலைத் தோட்டத்துப் பக்கம் போகப் போக இந்த மரம்தான். பூக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர் என்று தெரிந்துபோயிற்று. வாங்கப் போன கொத்தமல்லியை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த கிளினிக் நாளில் கையும் களவுமாய்ப் பிடித்தேன். பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு மலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் சிலர் இடையில் நூலகத்துக்குள் வந்து காற்றாடியின் கீழ் உட்காருவார்கள். ஜன்னலோரக் கதிரையில் ஒரு பெண், என் வயதிருக்கும், அந்த நாவலை மடியில் வைத்துக்கொண்டு பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கைக்குட்டை, அதற்குள் பூ.

"நீங்கதானா இதுக்குள்ள பூ வைக்கிறது?"

அவர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். "நான்தாங்க மிஸ். எங்க விட்டேன்னு தெரியத்தான் வச்சேன். யாரோ எடுத்துப் போட்டுட்டாங்க. இத்தோட ரெண்டு தடவ, வாசிச்சதையே திரும்ப வாசிக்கிறேன்."

அந்த யாரோ இங்கேதான் நிற்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீம்பு விடுமா? "பக்க நம்பரை ஞாபகம் வச்சுக்கக் கூடாதா?" என்றேன்.

"ஆஸ்பத்திரியில எல்லாத்துக்கும் நம்பர்தாங்க மிஸ். எங்க வீட்டுக்காரருக்கும் நம்பர், மருந்துக்கும் நம்பர். இங்கயாச்சும் பூவா இருக்கட்டுமேன்னுதான்."

என் மூக்கு உடைந்தது. குப்பைக்கூடைக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பிறகு மெதுவாகச் சொன்னார். மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டம். புருஷனுக்கு இரண்டு கிழமைக்கு ஒரு கிளினிக். புருஷனை வரிசையில் உட்கார வைத்துவிட்டு இவர் ஒரு மணித்தியாலம் இங்கே வருவார். அதுதான் அவருடைய வாசிப்பு நேரம். வருஷப் பிறப்புக்குப் பிறகு கிளினிக்கை அவர்கள் பக்கத்துக்கே மாற்றப்போகிறார்கள். இன்னும் ஒரேயொரு தடவைதான் கண்டி.

புத்தகத்தைப் பார்த்தேன். பாதிகூடத் தாண்டவில்லை. என் சுத்தமும் சுகாதாரமும் தின்ற பக்கங்கள் எத்தனையோ!

"அவ புருஷனக் கண்டுபிடிச்சாளா இல்லையான்னு மட்டும் சொல்லிருங்க மிஸ்."

"சொல்ல மாட்டேன். நீங்களே வாசிப்பீங்க" என்றேன். பெரிய வாக்குத்தான். அங்கத்தவர் ஆனால்தான் புத்தகத்தை வெளியே கொண்டுபோகலாம். வெளியூர்க்காரருக்கு நகரத்துக்குள் சொந்த வீட்டுக்கோ கடைக்கோ சோலைவரி கட்டும் ஒருவர் பிணை நிற்க வேண்டும். இந்தப் பெண்ணுக்குக் கண்டியில் யாரையும் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதுவும் பத்து நிமிடமாக.

சரி, நானே நிற்கிறேன் என்று அன்று மாலை படிவத்தை எடுத்தேன். பெயர் எழுதினேன், மஹய்யாவ வீட்டு முகவரி எழுதினேன். கடைசி வரியில் கை நின்றது. சோலைவரித் துண்டின் பிரதி இணைக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு ஏது சோலைவரி? நகரத்தைக் கூட்டிய தொழிலாளருக்குக் கொடுத்த லைன் வீடு. மூன்று தலைமுறையாக இருக்கிறோம், வீட்டு உறுதிப் பத்திரம் கிடையாது. இந்தத் துண்டை எத்தனை பேரிடம் கறாராகக் கேட்டிருப்பேன்! ஒரு நாளாவது அது என்னிடம் இருக்கிறதா என்று யோசித்ததில்லை. பல்லி ஊருக்கெல்லாம் குறி சொல்லிவிட்டுக் கழுநீர்ப் பானைக்குள் விழுந்ததாம். எனக்கு வெட்கமாயிருந்தது. அழுகையும் வந்தது, ஆனால் மூடும் நேரம், விளக்குகளை அணைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை நானா பத்திரிகையை விரித்தார். நான் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தங்கச்சி, மொகம் கறுத்துப் போயிருக்கு? சண்டைக்கும் வரல்ல?"

விஷயத்தைச் சொன்னேன். லைன் வீட்டையும் சேர்த்துச் சொன்னேன். எழுந்து கடைக்குப் போனார். கோபமாக்கும் என்று நினைத்தேன். சோலைவரித் துண்டின் பிரதியோடு திரும்பி வந்து படிவத்தில் கையெழுத்து வைத்தார்.

"புத்தகம் திரும்பி வராட்டி உங்க தலையிலதான் விழும், நானா."

"விழட்டும். வாசிக்கத்தானே கொண்டு போறாங்க."

"ஆள் யாருன்னுகூடக் கேக்கலையே நீங்க?"

"உதவி கேக்கிறது நீங்க. எனக்கு அது காணும்." மறுபடி உட்கார்ந்து முன்னிலும் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். அன்று அந்தக் குரல் காதுக்கு அமிர்தமாக இருந்தது என்று சொன்னால் பொய். ஆனாலும் வாசித்து முடியும்வரை நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசிக் கிளினிக் நாளில் அந்தப் பெண் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். வெறுமையாக இருந்த திகதித் தாளில் முதல் முத்திரையைக் குத்தினேன். புத்தகத்தை மருந்துப் பையில் வைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

வருஷப் பிறப்பு வந்தது. திருப்பிக் கொடுக்கும் நாளும் வந்து போனது. பண்டிகைக்குப் பஸ் ஒழுங்காக ஓடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கிழமை கழிந்தது. வாசல் நிழலாடினால் நிமிர்ந்து பார்ப்பேன். நானா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை அந்தப் பெண் வந்தார். நல்ல சேலை, பஸ் ஏறி இறங்கி வந்த வேர்வை.

"இன்னைக்கும் கிளினிக்கா?" என்றேன்.

"கிளினிக்கத்தான் அங்கிட்டு மாத்திட்டாங்களே மிஸ். லைப்ரரிக்கு மட்டுந்தான் வந்தேன். பஸ்ஸே இல்லாம ஒரு கிழம பிந்திப் போச்சு, கோவிச்சுக்காதீங்க."

மடுல்கெல்லையிலிருந்து இரண்டு பஸ் மாறி, மருந்துச் சீட்டில்லாமல், வரிசையில்லாமல், ஒரு புத்தகத்துக்காக. பத்திரிகைக்குப் பின்னாலிருந்த நானாவைக் காட்டி, "இவர்தான் உங்களுக்குக் கையெழுத்து வச்சவரு" என்றேன். அந்தப் பெண் கும்பிட்டார். நானா அவசர அவசரமாகப் பத்திரிகையை உயர்த்திக்கொண்டார். ஆச்சரியம், அன்று மனசுக்குள்ளேயே வாசித்தார்.

பழக்கம் விடாமல் புத்தகத்தை உதறப்போனேன். கடைசிப் பக்கத்தில் சிவப்பாய் ஒரு பூ ஒட்டிக்கொண்டிருந்தது.

"முடிச்சிட்டேங்க மிஸ்" என்றார். "இனி நீங்க எடுத்துப் போட்டாலும் பரவால்ல."

நான் எடுக்கவில்லை. அது சாறு விட்டுத் தாளில் கறை பிடித்துவிட்டது. பிடிக்கட்டும்.