தண்ணீரை நிறுத்திய சாமி

நான் முதன்முதலில் பார்த்த உத்தியோகம், குழாயடியில் உட்கார்ந்து சத்தம் கேட்பது. அப்போது எனக்கு ஒன்பது வயது. புதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நாங்கள் கோவில்பட்டிக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அப்பாவுக்கு லாரி செட்டில் வேலை கிடைத்திருந்தது. ஊரில் ஊருணிக்கு நடந்தே கால் தேய்ந்திருந்த அம்மாவுக்கு, வாடகை வீட்டின் பின்முற்றத்திலேயே குழாய் இருக்கிறது என்றதும் வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது என்பதைச் சாமான் இறக்கிய பிறகுதான் கண்டுபிடித்தாள்.

குழாய் இருந்ததே தவிர, தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு முறைதான். அதிலும் எந்த நாள், எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது. மேலே ஏறி வர அதற்குத் தெம்பு கிடையாது என்பதால், எல்லா வீட்டிலும் இடுப்பளவு குழி தோண்டி அதற்குள் குழாயை வைத்திருந்தார்கள். தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். அந்த ‘உஸ்’ஸைக் கேட்டதும் குடங்களோடு குழிக்குள் இறங்க வேண்டும். அதற்காக வீட்டில் ஆள் இருக்கும் நேரமெல்லாம் குழாய் திறந்தே கிடக்கும். காலையில் அதைத் திறப்பதும், காது கொடுப்பதும், வீட்டைப் பூட்டும்போது மறக்காமல் மூடுவதும் என் பொறுப்பு. தம்பிக்கு இந்தப் பதவி கிடைக்கவில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

மூடுவதுதான் முக்கியம். முற்றம் மேடு, வீடு பள்ளம். குழி நிரம்பி வழிந்தால் தண்ணீர் பின்கதவுக்கு அடியில் புகுந்து, நேரே உள்ளறைக்குப் போய்விடும். உள்ளறையில்தான் அம்மா ஒட்டிய தீப்பெட்டிக் கூடுகள் சாக்குச் சாக்காகத் தரையில் இருந்தன. அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது. அட்டைக் கட்டுகளைக் கொடுத்த ஏஜெண்டு அண்ணாச்சி கறாராகச் சொல்லியிருந்தார்.

“புது ஆளுக்குக் குடுக்கதே பெரிசு. ஒரு கூடு நனைஞ்சிச்சுன்னாலும் பெறகு இந்தப் பக்கம் வந்துராதீய.”

அம்மா பத்து நாளாகப் பசைக் கையோடு சாப்பிட்டு, பசைக் கையோடு தூங்கி அவற்றை ஒட்டி முடித்திருந்தாள்.

தெருவில் எங்களுக்குச் சிநேகிதம் என்று இன்னும் யாரும் அமையவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோடு சிநேகிதமாகும் வாய்ப்பை முதல் நாளே கெடுத்துக்கொண்டோம். எங்கள் சாமான் வந்த டிராக்டரைப் பின்பக்கமாக எடுக்கும்போது, அவர் வாசலில் இருந்த கறிவேப்பிலைக் கன்றின்மேல் ஏறிவிட்டது. “வந்த அன்னைக்கே ஆரம்பிச்சிட்டியளாக்கும்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனவர், அதற்குப் பிறகு எங்களைப் பார்க்கும்போதெல்லாம் வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். இரண்டு முற்றங்களுக்கும் நடுவில் ஆள் உயரச் சுவர் ஒன்றுதான். அவருடைய குழாய் சற்று மேட்டில் இருந்ததால், எங்கள் குழாயை மூடினால்தான் அவருக்குத் தண்ணீர் ஒழுங்காக வரும். இதுவேறு சேர்ந்துகொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எப்போதும்வென்றான் ஊர்க் கோயிலில் சித்தி மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்து. விடிந்ததிலிருந்து எனக்கு ரிப்பன் கவலை. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை என்றுதான் கிடைத்தது. அழுது, அடி வாங்கி, அதையே கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கோயிலில் பந்தி முடிந்து கை கழுவப் போனபோது, டிரம்மில் பொருத்தியிருந்த குழாயை யாரோ திறந்தார்கள். ‘உஸ்’ என்று காற்று வந்து பிறகு தண்ணீர் கொட்டியது. அப்போதுதான் நினைவு வந்தது. எங்கள் வீட்டுக் குழாயை நான் மூடவில்லை.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அவளோ அன்றுதான் பல நாளைக்குப் பிறகு சித்தியோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். சாக்குகள் மிதப்பதும், ஏஜெண்டு அண்ணாச்சி தலையை ஆட்டுவதும் என் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தன. சந்நிதிக்கு எதிரே சித்தி மகள் புது மொட்டையோடு வீறிட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் வழி கிடைத்தது. தண்ணீரை மட்டும் நிறுத்திவிடு, என் முடியைத் தந்துவிடுகிறேன் என்று சாமியிடம் சொன்னேன். முடி இடுப்பு வரை இருந்தது என்பதையும் நினைவுபடுத்தினேன்.

சாயங்காலம் அம்மா பூட்டைத் திறந்ததும் முந்திக்கொண்டு ஓடினேன். உள்ளறை காய்ந்து கிடந்தது. சாக்குகள் வைத்தது வைத்தபடி இருந்தன. பின்கதவைத் திறந்தால், குழாய் இறுக்கி மூடியிருந்தது. காலையில் காலியாகக் கவிழ்த்து வைத்திருந்த எட்டுக் குடங்களும் அண்டாவும் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தன. உயிர் வந்தது எனக்கு. குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுது, எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சாமி நிறுத்தியதோடு நிற்காமல் குடங்களையும் நிரப்பியிருக்கிறது என்றும் சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரின் உச்சியில் கொஞ்சம் காரை பெயர்ந்து எங்கள் பக்கம் உதிர்ந்து கிடந்தது. பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் லேசாகியிருந்தது.

“நேந்துக்கிட்டா முடியைக் குடுத்துத்தான் ஆகணும். இப்பம் ரெண்டு குடத்தைத் தூக்கிட்டு வா. பெரியம்மா வீட்டுல ஊத்தணும்.”

அன்றிலிருந்து எட்டு நாளும் காலையில் அரைக் குடம் அங்கே கொண்டுபோய் ஊற்றுவது எனக்குப் புது வேலையாக அமைந்தது. குழாயை மறந்ததற்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். பெரியம்மா இப்போது வானத்தைப் பார்ப்பதை விட்டிருந்தார். ஆனால் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். தம்பியைச் சிரிக்க வைக்க நான் அதேபோல நடந்து காட்டினேன். குழாயை மறந்தபோது அடிக்காத அம்மா அதற்கு ஓங்கி ஒன்று வைத்தாள்.

நடந்ததை அம்மா எனக்குச் சொன்னது நான் பத்தாவது படிக்கும்போதுதான். தன் குழாயில் தண்ணீர் நூலாக வருவதைப் பார்த்த பெரியம்மா, எங்கள் பக்கம் சத்தம் கேட்டு உரலைப் போட்டு ஏறி, அந்த வயதில் சுவரைத் தாண்டிக் குதித்திருக்கிறார். முழங்கால் பிசகிவிட்டது. மூடிவிட்டு உடனே திரும்பியிருந்தால் அவருடைய குடங்கள் நிறைந்திருக்கும். பிள்ளைகள் உள்ள வீடு, இனி எட்டு நாளைக்குத் தண்ணீர் கிடையாது என்று எங்கள் குடங்களை நிரப்பிவிட்டு மூடினார். அந்தக் காலோடு எங்கள் துவைக்கல்லில் ஏறி அவர் தம் பக்கம் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது.

“அப்பமே எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அவியதான் வேண்டாம்னாவ. சாமின்னே இருக்கட்டும், அப்பந்தான் அடுத்த தடவ புள்ள பயந்து மூடும்னாவ.”

இதெல்லாம் தெரியாமலே, ஒன்பது வயதில், காது குத்து நடந்த அந்த மாதக் கடைசியில் எனக்கு மொட்டை போட்டார்கள். சந்தனம் பூசிய தலையோடு வந்து இறங்கியபோது பெரியம்மா வாசலில் நின்றிருந்தார். மிதிபட்ட கறிவேப்பிலைக் கன்றில் துளிர் வந்திருந்தது. அதற்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“யாருக்குட்டி மொட்டை?”

“எங்க சாமிக்கு. அதுதான் அன்னைக்கு வந்து கொழாயை மூடிச்சு.”

“கொடத்தையும் ரொப்பிச்சாமே?”

“ஆமா. எட்டுக் கொடம். அண்டா வேற.”

பெரியம்மா ஈரக் கையால் என் மொட்டைத் தலையைத் தடவினார்.

“அப்பம் நல்ல சாமிதான்” என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி உள்ளே போனார்.

எங்கள் சாமியை அவரும் ஒத்துக்கொண்டதில் எனக்கு ஒரே பெருமை.