கீழறைத் தண்ணீர் நோட்டு

டிப்போவில் அவரை ஸ்டோர்காரர் என்பார்கள். பஸ்ஸுக்கு வேண்டிய பிரேக் கட்டை, ஃபேன் பெல்ட், நட்டு, போல்ட் எல்லாம் இருபத்தாறு வருஷமாக அவர் கை வழியாகத்தான் போகின்றன. மெக்கானிக் வந்து "அண்ணே, அந்தச் சின்ன வாஷர்..." என்று வாயெடுப்பதற்குள் அவர் கை சரியான டப்பாவுக்குள் போயிருக்கும். படிப்பு ஒன்பதாவது வரைக்கும்தான். ஆனால் அவர் எழுதிய பதிவேட்டை வைத்துக்கொண்டு எந்த மேலதிகாரியும் அவரை ஒரு கேள்வி கேட்டதில்லை.

அந்த ஸ்டோரில் இரண்டு சட்டம் உண்டு. பதிவேடு அது இருக்கிற அறையை விட்டு வெளியே போகக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் அவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே இருந்தவை. அவர் செய்தது, அவற்றை வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்ததுதான். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி சமையலறையில், மின்சார அளவு மீட்டர் பெட்டிக்குள், அவருடைய ஓய்வு நாட்கள் சமையலறைச் சுவர்க் காலண்டரில் சிவப்புச் சுழியாக. டிப்போவில் ஐந்து நாள் வேலை, ஆறாம் நாள் ஓய்வு. அதனால் ஓய்வு ஒரு வாரம் சனிக்கிழமை வரும், அடுத்தது வெள்ளி, அதற்கடுத்தது வியாழன். சுழி போடாவிட்டால் வீட்டில் யாருக்கும் புரியாது. எந்தக் கிழமையில் வந்தாலும் அன்று காலையில் ஏழு மணிக்கு ஸ்கூட்டரைக் கழுவி, மூன்று வாளித் தண்ணீரை ஊற்றி, துணியால் துடைத்துப் பளபளவென்று நிறுத்திவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டில், தரைக்குக் கீழே இருந்த அறைக்குள் தண்ணீர் வந்தது.

கீழறையில் அவருடைய கருவிப் பலகை இருந்தது. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பின்னால் அதன் உருவத்தை பெயின்ட்டால் வரைந்து வைத்திருப்பார். ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்காமல் போனால் சுவர் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மாலை படியிறங்கியவரின் செருப்பு சளக்கென்றது. வடக்குச் சுவர் மூலையிலிருந்து பாய் அகலத்துக்குத் தண்ணீர் பரவியிருந்தது.

"ஒரு போன் போட்டா உங்க தங்கச்சி வந்து பாத்துட்டுப் போயிடுவா" என்றாள் மனைவி, படியின் மேலிருந்தே.

"என் வீட்டுத் தண்ணிய நான் பாத்துக்குவேன்."

"நான் ஒண்ணும் தப்பா சொல்லலியே?"

"நீ சரியா சொன்னதுதான் எனக்குப் பிடிக்கல. போய் வேலையப் பாரு."

தங்கைக்கு ஊரில் பெயர் லீக்கு டாக்டர். சுவருக்குள், தரைக்குள், கண்ணுக்குத் தெரியாமல் கசிகிற தண்ணீரைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய தொழில். ஒரு வெள்ளை வேன் வைத்திருந்தாள். அதன் பக்கவாட்டில் ஒரு நீலச் சொட்டும் போன் நம்பரும். தரையில் கிண்ணம் மாதிரி ஒரு கருவியை வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பாளாம். "இங்க உடைங்க" என்பாளாம். உடைத்தால் அங்கேதான் குழாய் விரிந்திருக்குமாம். இந்த 'ஆம்' எல்லாம் டீக்கடையில் மற்றவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அவர் ஒருநாளும் நேரில் போய்ப் பார்த்ததில்லை. பத்திரிகையில் அவள் படம் வந்த அன்று, அந்தப் பக்கத்தை அம்மா கிழித்து பீரோ கதவில் ஒட்டினாள். அவர் சட்டை எடுக்க பீரோவைத் திறக்கும்போதெல்லாம் தங்கை ஹெட்போனோடு சிரித்தாள். வேறு வழியில்லாமல் சட்டைகளைக் கொடியிலேயே விட்டுவைக்கப் பழகிக்கொண்டார்.

தொழிற்பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பப் படிவம் முதலில் வாங்கிவந்தவர் அவர்தான். அப்பா படுத்த படுக்கையானதும் படிவத்தை டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு டிப்போவுக்குப் போனார். ஆறு வயது இளையவளான தங்கை பிறகு அந்தப் பெட்டியைக் குடையும்போது படிவத்தைப் பார்த்தாள். இப்படி ஓர் இடம் இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. போனாள், படித்தாள், வேன் வாங்கினாள். இதில் அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே இன்னும் எரிந்தது. குற்றம் இருந்திருந்தால் ஒரு தடவை சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

டிப்போவுக்குப் புது டிரைவர் வந்தால், பழையவர்கள் அவரை இப்படித்தான் அறிமுகம் செய்வார்கள்: "இவர் யாரு தெரியுமா? லீக்கு டாக்டரோட அண்ணன்!" இருபத்தாறு வருஷ ஸ்டோர் ஒரு நொடியில் போய்விடும். புது டிரைவர் உடனே, "அண்ணே, அவங்க நம்பர் கொஞ்சம்..." என்பான். "மனப்பாடமா தெரியாதுப்பா" என்பார். தெரியும்.

ஆகையால் இந்தத் தண்ணீரை அவரே கண்டுபிடித்தாக வேண்டும். வேறு எந்த வீட்டிலும் அவள் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். இந்த வீட்டில் நடக்காது.

மறுநாள் ஒரு நோட்டு வாங்கி, கோடு போட்டு, கீழறையில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். நாளுக்கு ஒரு பக்கம். தேதி, தண்ணீர் உண்டா இல்லையா, சுவரிலிருந்து எத்தனை ஜாண் பரவியது, சந்தேகம், சோதனை, முடிவு, கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தவருக்கு 'கண்டவர்' என்று ஓர் இடம். சந்தேகப் பட்டியலில் பதினான்கு இடம்.

முதல் சந்தேகம் பக்கத்து வீட்டுத் தொட்டி. அந்த வீட்டுக்காரர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவரிடம் போய் இரண்டு நாள் தொட்டியை நிரப்பாமல் இருக்கச் சொன்னார்.

"ஏங்க, உங்க தங்கச்சியே..." என்று கடைக்காரர் ஆரம்பித்தார்.

"தொட்டிய நிறுத்துவீங்களா மாட்டீங்களா?"

அவர் நிறுத்தினார். தண்ணீர் வந்தது. கோடு போட்டு அடித்து, கையெழுத்து.

மழையைச் சந்தேகித்தார். மழை பெய்த நாளில் கீழறை காய்ந்து கிடந்தது. வெயில் அடித்த நாளில் நனைந்தது. நகராட்சிக் குழாயில் தண்ணீர் விடும் நாட்களைச் சரிபார்த்தார். பொருந்தவில்லை. குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இடம் என்று ஒவ்வொரு சாக்கடை வாயிலும், துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து ஊற்றினார். கீழறைக்கு வந்தது நிறமில்லாத, சுத்தமான தண்ணீர். மறுநாள் குளியலறைக்குப் போன அம்மா நீலமான காலோடு வெளியே வந்து, "டேய் பெரியவனே, வீட்டுக்குள்ள சாயப்பட்டறை ஏதாவது வெச்சிருக்கியா?" என்றாள்.

ஒருநாள் கீழறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, ஒரு ஸ்டீல் டம்ளரைச் சுவரில் கவிழ்த்து, அதன் மேல் காதை வைத்து, கண்ணை மூடினார். மேலே ஓடிய மிக்ஸிதான் கேட்டது. டம்ளரை வேட்டியில் துடைத்து, யாரும் பார்க்காமல் அலமாரியில் வைத்தார். அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

பதினான்கு சந்தேகமும் அடிபட்டன. பதினான்கு கையெழுத்து. நாற்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. மேல்மூச்சு வாங்கத் துடைத்தாலும் ஸ்பேனர்களில் துரு ஏற ஆரம்பித்தது.

நாற்பத்தொன்பதாம் நாள் வேலை முடிந்து தெருமுனை திரும்பியபோதே வெள்ளை வேன் கண்ணில் பட்டது. அவர் வாசலில், அவர் ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துக்குப் போகிற வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

"யாரு கூப்பிட்டது?" என்றார் உள்ளே நுழைந்ததும்.

"நான்தாண்டா" என்றாள் அம்மா. "நீ கண்டுபிடிக்கிறதுக்குள்ள நாமெல்லாம் மீனாயிடுவோம்."

கீழறையில் தங்கை மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். கருவிப் பெட்டி மூடியபடியே பக்கத்தில் இருந்தது. மடியில் அவருடைய நோட்டு.

"அண்ணா, யாரு எழுதச் சொன்னா இப்படி?"

"ஏன், தப்பா?"

"இருபது வருஷமா வீடு வீடாப் போறேன். எல்லாரும் 'அப்பப்ப வருதும்மா'ன்னுதான் சொல்வாங்க. இந்த மாதிரி நோட்டை ஒரு வீட்லயும் பாத்ததில்ல."

பாராட்டினாள். வேனில் போகிறவள் நடந்து போகிறவனைப் பார்த்து, நன்றாக நடக்கிறாய் என்று சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு. "மெஷின எடு. நேரமாகுது" என்றார்.

"மெஷின் இருக்கட்டும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம்னு இருக்கா, மொத்தமா பாக்க முடியல. அண்ணி! உங்க சமையல்ரூம் காலண்டரக் கொஞ்சம் கொண்டு வாங்களேன்."

"அது அங்கதான் இருக்கணும்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் காலண்டர் படியிறங்கிவிட்டது. தங்கை காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். நோட்டைப் புரட்டி, தண்ணீர் வந்த ஒவ்வொரு தேதியிலும் ஒரு புள்ளி வைத்தாள். முதல் புள்ளி சனிக்கிழமை. அடுத்தது வெள்ளி. அடுத்தது வியாழன். புள்ளிகள் படிக்கட்டு மாதிரி இறங்கின. ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிவப்புச் சுழிக்குள் விழுந்தது.

நாற்பத்தெட்டு நாளாக நோட்டு கீழேயும் காலண்டர் மேலேயும் இருந்தன. தினம் இரண்டு தடவை அந்தப் படியில் ஏறி இறங்கியவர் அவர். ஒன்றை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைக்க அவருக்குத் தோன்றவே இல்லை. பதிவேடு அறையை விட்டு வெளியே போகக் கூடாது.

"எட்டு சுழி, ஏழு புள்ளி" என்றாள் தங்கை. "இந்த ஒரு லீவுல மட்டும் தண்ணி வரல. அன்னிக்கு நீ என்ன பண்ணலண்ணா?"

"அன்னிக்கா? எப்பவும் போலத்தான். கடைக்குப் போனேன், முடி வெட்டிக்கிட்டேன். வண்டிதான் இல்ல, மெக்கானிக்கிட்ட விட்டிருந்..."

அங்கேயே நின்றுவிட்டார்.

வடக்குச் சுவருக்கு நேர் மேலே, தகரக் கூரைக்கு அடியில், ஸ்கூட்டர் நிறுத்துகிற சிமென்ட் தளம். கூரை இருப்பதால் மழை படாத இடம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொத்தனாரைக்கூடக் கூப்பிடாமல், ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து, தண்ணீர் தெருப்பக்கம் ஓடும்படி அவரே போட்ட தளம். பதினான்கு இடத்தைச் சந்தேகப்பட்டவர் அதை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர் கையால் போட்டது அல்லவா.

தங்கை வாயைத் திறந்தாள்.

"நீ பேசாத" என்றார். "நான் பாத்துக்கறேன்."

மேலே ஓடி, வேனை நகர்த்தச் சொல்லாமல் இடுக்கில் நுழைந்து, தளத்தின் மேல் விரித்திருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினார். அளவெடுத்து வெட்டிய விரிப்பு. தூசி போகாமல் சுவரோடு ஒட்டி இருக்கும். அதற்கு அடியில், தளம் சுவரைச் சேரும் இடத்தில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. தளம் சுவர்ப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மூன்று வாளியில் நீலத்தைக் கரைத்தார். ஓய்வு நாளில் ஊற்றுகிற அதே மூன்று வாளி. தண்ணீர் தெருவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பிளவுக்குள் போனது.

கீழே இறங்கி இன்னொரு பெட்டியில் உட்கார்ந்தார். மண்ணுக்குள் இறங்கி வர நேரம் பிடிக்கும். அண்ணனும் தங்கையும் ஒரு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு எல்லாமே சுலபமா வந்துடுதுல்ல?" என்றார் அவர் சுவரைப் பார்த்தே.

"எது சுலபம்? போன வாரம் ஒருத்தர் வீட்ல தப்பான எடத்துல தரைய உடைக்கச் சொல்லிட்டேன். அந்தம்மா விட்ட டோஸு இன்னும் காதுல இருக்கு."

"அது பேப்பர்ல வரலியே."

தங்கை சிரித்தாள். "எனக்கும் எரிச்சல் உண்டுண்ணா. அம்மா போன எடுத்தா உன் புராணம்தான். 'பெரியவன் ஸ்டோர்ல ஒரு நட்டு தொலையாது. நீ நேத்து வெச்ச சாவிய இன்னிக்குத் தேடுறே.' கேட்டுக் கேட்டு போனையே தூக்கிப் போடலாம்னு வரும்."

"எப்ப சொன்னாங்க?"

"எப்பவும்தான்."

"எந்தத் தேதியில?"

"ஆமா, அதுக்கு ஒரு நோட்டு போடல பாரு!"

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்று இருந்தது.

முக்கால் மணி நேரம் ஆனது. வடக்கு மூலையில் செங்கல் இடுக்கில் முதலில் ஒரு கறை. பிறகு ஊசி முனை அளவு நீலம். அது திரண்டு, நீண்டு, தரைக்கு இறங்கியது.

"என்னடா, உன் தங்கச்சி கண்டுபிடிச்சுட்டாளா?" என்று மேலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

தங்கை அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சத்தமாக, "அண்ணன்தாம்மா கண்டுபிடிச்சுது! நான் சும்மா உக்காந்திருந்தேன்" என்றாள்.

நாற்பத்தொன்பது நாளாக அவர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அது அவள் வாயிலிருந்து, அவள் கொடுத்து, அவர் கையேந்தி வாங்குகிற மாதிரி வந்தது. காது மடல் சுட்டது. சும்மா இருந்தால் போதும். அம்மா நாளைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள். டீக்கடைக்குப் போகும், டிப்போவுக்குப் போகும்.

எழுந்து அவள் மடியிலிருந்து நோட்டை எடுத்தார். அன்றைய பக்கம். காரணம்: ஸ்கூட்டர் தளம், சுவர் ஓரப் பிளவு. அதற்குக் கீழே, 'கண்டவர்' என்ற இடத்தில் பேனா நின்றது. அந்த இடம் முதல் நாள் கோடு போட்டபோதே தன் பெயருக்காக அவர் ஒதுக்கி வைத்தது. பொய் எழுதினால் அதையும் ஒருநாள் கோடு போட்டு அடித்துக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அவருக்குத் தெரிந்த வரையில் பதிவேட்டில் வேறு வழி கிடையாது.

"இல்லம்மா" என்றார் மேலே பார்த்து. "அவதான். நான் தண்ணி ஊத்தினேன், அவ்வளவுதான்."

மேலே அம்மா என்ன சொன்னாள் என்று காதில் வாங்கவில்லை. 'தங்கை' என்று எழுதி, நோட்டைத் திருப்பி அவளிடம் நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"எதுக்குண்ணா, நம்ம வீட்டு நோட்டுதானே?"

"போடுன்னா போடு. கண்டவங்க போடணும்."

அவள் நோட்டை முழங்காலில் வைத்து, பார்க்காமலேயே, ஒரே இழுப்பில் போட்டுக் கொடுத்தாள். அவர் விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். அந்த நோட்டில் ஏற்கெனவே பதினான்கு கையெழுத்து இருந்தது. எல்லாம் அவர் நிறுத்தி நிதானமாகப் போட்டவை.

இதுதான் அழகாக இருந்தது.