காலி ஜீப்பின் பாரம்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் மலையூரான கம்போங் ராஜாவுக்குப் போய்க் குணாளனின் இடது கையைப் பார்க்கட்டும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும். கேட்டால், "ரேடியேட்டர் தண்ணி பட்டுருச்சு" என்பார். அது உண்மைதான். அந்தத் தண்ணீர் அன்றைக்கு ஏன் அப்படிக் கொதித்தது என்று கேட்டுப் பாருங்கள். எழுந்துபோய் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வார்.

இதில் ஒரு சொல்கூடக் கட்டியது இல்லை. நடந்தது நடந்தபடி.

குணாளன் பழைய வண்டிகளுக்குப் பேர்போன மெக்கானிக். கம்ப்யூட்டரைச் செருகிக் கோளாறு பார்க்கும் புது வண்டிகளை அவர் தொடுவதில்லை. நாற்பது வருஷத்து ஜீப்பா, தோட்டத்து லோரியா, அவரிடம் கொண்டு வாருங்கள். பேய் பிசாசுப் பேச்சு அவரிடம் எடுபடாது. "வண்டியில எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்குலா. தேடினா கெடைக்கும்" என்பார். அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்... அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

அன்று காலை வசுமதி தன் ஜீப்பைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள். மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருப்பவள். தோட்டத்து நிர்வாகம் கழித்துக்கட்டிய பழைய ஜீப்பை வாங்கி, பின்னால் இரண்டு பலகை பெஞ்சு அடித்து, மேலே கேன்வாஸ் கட்டி, தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவதுதான் அவள் பிழைப்பு.

"என்னம்மா கோளாறு?"

"இழுக்கலண்ணே. மேடு ஏற மாட்டேங்குது. எண்ணெய் தண்ணியா குடிக்குது. எறக்கத்துல பிரேக் புடிச்சா தீஞ்ச வாடை வருது. புள்ளைங்கள வச்சுக்கிட்டு ஓட்ட எனக்குப் பயமா இருக்கு."

"அப்ப புள்ளைங்கள ஏத்தாத."

"ஏத்தலண்ணே. மூணு நாளா எல்லாம் நடந்துதான் போவுதுங்க, இந்த மழையில. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் குடுங்க."

குணாளன் வேலையைத் தொடங்கினார். இன்ஜினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் இன்ஜின் ஒரேமாதிரி நொண்டியது. அப்படியென்றால் நான்கு சிலிண்டரும் வேலை செய்கின்றன. கம்பிரஷன் பார்த்தார். நல்ல அழுத்தம். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் போட்டுக் கிளட்சை மெல்ல விட்டார். இன்ஜின் பட்டென்று நின்றது. கிளட்ச் வழுக்கவில்லை. ஜாக்கி போட்டு நான்கு சக்கரங்களையும் கையால் சுற்றினார். தடங்கலில்லாமல் சுற்றின. பிரேக் ஒட்டிப்பிடிக்கவும் இல்லை.

ஹெட்லைட் மட்டும் மங்கலாக எரிந்தது. அதன் எர்த் வயர் துருப்பிடித்திருந்தது. பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த இடத்தில் புது வயரை முறுக்கினார். வெளிச்சம் பட்டறைச் சுவரில் இடுப்புயரத்தில் நேராக விழுந்தது.

ஒன்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. பின்சக்கரங்களுக்கு மேலே, பட்டை ஸ்பிரிங் முட்டும் இடத்தில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். தாங்க முடியாத பாரம் ஏற்றினால்தான் ஸ்பிரிங் அதில் போய் இடிக்கும். அந்த ரப்பர் இரண்டு பக்கமும் நசுங்கிக் கிழிந்திருந்தது.

"கல்லு மண்ணு ஏதும் ஏத்துனியா?"

"இல்லண்ணே. புள்ளைங்க மட்டுந்தான்."

"இங்க எல்லாம் சரியா இருக்கே."

"இங்க நல்லாத்தாண்ணே ஓடும்." வசுமதி சற்றுத் தயங்கினாள். "தோட்டத்துல, சாயந்திரம் பனி எறங்குற நேரம் வந்து பாருங்க."

மதியத்துக்கு மேல் இருவரும் கிளம்பினார்கள். வசுமதி ஓட்டினாள். பின்னால் குணாளனின் ஸ்பேனர் சாமான் பெட்டி மட்டும். மலையேற்றத்தில் ஜீப் சும்மா பறந்தது. குணாளனுக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் இவளே பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறாள்போல என்று நினைத்தார்.

தோட்டத்து ஸ்டோர் வரை போய்த் திரும்பினார்கள். அதற்குள் பனி இறங்கிவிட்டது. நாலு மணிதான். ஆனால் தேயிலைச் செடிகள் சாம்பல் பூசியமாதிரி மங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வசுமதி ஹெட்லைட்டைப் போட்டாள்.

பாதி வழியில் ஒரு மேடு. முன்பு அங்கே தோட்டத் தொழிலாளிகளின் லைன் வீடுகள் வரிசையாக இருந்தனவாம். இப்போது புல்லுக்கு நடுவே சிமெண்டுப் படிகள் மட்டும் இருக்கின்றன, வீடில்லாமல். அங்கே பாதை குறுகும். கியரைக் குறைக்க வசுமதி ஜீப்பை நிறுத்தினாள்.

"இங்கதாண்ணே" என்றாள்.

கிறீச்...

ஜீப்பின் பின்புறம் அமிழ்ந்தது. பின்படியில் கால் வைத்து ஓர் ஆள் ஏறினால் எப்படி அமிழுமோ, அப்படி.

கிறீச்... மறுபடி.

மூன்றாவது முறை மெதுவாக அமிழ்ந்தது. யாரையோ தூக்கி ஏற்றுவதுபோல. பிறகு நான்காவது.

பலகை பெஞ்சு முனகியது. அதோடு ஓசை நின்றது.

குணாளன் முன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஹெட்லைட் வெளிச்சம் பாதையில் இல்லை. மேலே... மரக்கிளைகளில் இருந்தது. பின்பக்கம் தாழ்ந்தால்தான் முன்விளக்கு வானத்தைப் பார்க்கும்.

"எடு" என்றார்.

இன்ஜின் திணறியது. முதல் கியரில் ஊர்ந்தது. சிறு மேட்டுக்கே முக்கியது. வெப்பமுள் சரசரவென்று சிவப்புக்கு ஏறியது. மேட்டின் உச்சியில் அவர் நிறுத்தச் சொன்னார்.

இறங்கிப் பின்னால் போனார். கேன்வாஸை விலக்கினார். இரண்டு பெஞ்சும் காலி. அவருடைய சாமான் பெட்டி ஒரு மூலைக்கு ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அவர் அதை நடுவில்தான் வைத்திருந்தார். உள்ளேயிருந்து ஈரமண் வாடை வந்தது. அப்போதுதான் வெட்டிய மண்ணின் வாடை.

குனிந்து பார்த்தார். பின்டயர்கள் இரண்டும் பிதுங்கியிருந்தன. பட்டை ஸ்பிரிங் தட்டையாகி ரப்பரில் முட்டிக்கொண்டிருந்தது. காலையில் அந்த இடைவெளியில் முழுக் கையையும் விட்டுப் பார்த்தவர். இப்போது ஒரு விரல்கூட நுழையவில்லை.

காரணம் இருக்கும். தேடினால் கிடைக்கும். அதையே முணுமுணுத்துக்கொண்டு முன்னால் வந்து பானட்டைத் திறந்தார். ஃபேன் பெல்ட்டைப் பார்க்கக் குனிந்தார்.

படார்!

ரேடியேட்டரின் மேல்குழாய் வெடித்தது. கொதிக்கிற தண்ணீர் அவருடைய இடது கையில் பாய்ந்தது.

அவர் போட்ட சத்தத்தில் வசுமதி ஓடிவந்தாள். அவரைப் பாதையோர ஓடைக்கு இழுத்துப்போய்க் கையை ஓடும் தண்ணீரில் பிடித்தாள். தோல் வெந்து தொங்கியது. கைப்பேசியில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும்ணே. இப்பவே."

"குழாய்... நுனியிலதான் கிழிஞ்சிருக்கு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "சூடு அடங்கட்டும். கிளிப்பக் கழட்டி, கிழிஞ்சத வெட்டி எறி. மிச்சத்த உள்ள தள்ளி முடுக்கு. தண்ணிய கொஞ்சங்கொஞ்சமா ஊத்து."

அவள் செய்தாள். அந்த நேரம் முழுக்க ஜீப் ஆடாமல் அசையாமல் பின்னால் சரிந்தே நின்றது. உள்ளே ஒருமுறை பெஞ்சு கிறீச்சிட்டது. காத்திருந்து அலுத்த யாரோ காலை மாற்றிப் போட்டதுபோல.

இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி இருக்கும் தானா ராத்தாவுக்குக் கிளம்பினார்கள். ஈரத்துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு குணாளன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வழியில் திரிங்காப்பில் ஒரு காய்கறி லோரி குறுக்கே நின்றது. வசுமதி ஜீப்பை நிறுத்தினாள்.

கிறீச்...

இன்னொன்று.

ஐந்தாவது.

"அண்ணே..."

"நேரா பாரு. ஓட்டு."

அவர் கைப்பேசி லேசாக ஒளிர்ந்தது. ஐந்தே கால்.

பிரிஞ்சாங் தாண்டியதும் இறக்கம். தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது. வசுமதி பிரேக்கை மிதித்தாள். மிதி பஞ்சுபோலக் கீழே இறங்கியது.

"அண்ணே, பிரேக் இல்ல!"

"ரெண்டாவது கியர்ல விடு. பிரேக்க விட்டுரு, ஆறட்டும். இன்ஜினே புடிச்சுக்கும்."

ஜீப் உறுமிக்கொண்டு இறங்கியது. பின்பாரம் அதை உந்தியது. வளைவுகளில் ஒரு பக்கமாகச் சாய்த்தது. எதிரே வந்த பஸ் முகத்துக்கு நேராக ஹாரன் அடித்துவிட்டு விலகியது. வசுமதி வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினாள். ஆனால் கியரிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசல்.

ஜீப் மெல்ல ஊர்ந்து நின்றது. இன்ஜினை அணைத்தாள்.

ஒரு சத்தமும் இல்லை.

பிறகு...

கிறீச்.

பின்புறம் சற்று எழும்பியது. ஆஸ்பத்திரியின் தானியங்கிக் கண்ணாடிக் கதவு விலகியது. மூடிக்கொண்டது.

கிறீச். கதவு விலகியது. மூடியது.

கிறீச்.

கிறீச்.

வாசலில் இருந்த காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து, கதவையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஐந்தாவது நேரம் எடுத்துக்கொண்டது. வயதான ஆள் இறங்குவதுபோல.

கிறீச்...

கதவு விலகியது.

மூடியது.

ஹெட்லைட் வெளிச்சம் தரையில் நேராக விழுந்தது.

குணாளன் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வசுமதி திங்கட்கிழமை பிள்ளைகளை ஏற்றவில்லை. துணிவு வரவில்லை. தினமும் சாயந்திரம் பனி இறங்கும் நேரத்தில், தனியாக, அந்தச் சிமெண்டுப் படிகளுக்கு முன்னால் ஜீப்பை நிறுத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வண்டி இறகுபோல ஏறியது. அடுத்த வாரம் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு ஜீப்பில் போனார்கள்.

கையில் கட்டோடு குணாளன் பட்டறைக்குத் திரும்பிய அன்று, சிரில் தன் காருக்குப் புது பேட்டரி மாட்ட வந்திருந்தார். அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். குணாளன் அந்த மேட்டு லைன் வீடுகளைப் பற்றி விசாரித்தார். வேறெதுவும் சொல்லவில்லை.

சிரில் காரின் பானட்டை மூடினார்.

"பல வருஷத்துக்கு முந்தி. ராத்திரி முழுக்க மழை. விடியறப்ப மண்ணு சரிஞ்சு லைன மூடிருச்சு. தோண்டி எடுத்தவங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்ப தோட்டத்து ஜீப்புல ஏத்துனோம். இப்ப வசுமதி வச்சிருக்காளே, அதே ஜீப்புதான். போற வழியில ரோடும் சரிஞ்சிருச்சு. முன்னாலயும் போவ முடியல, பின்னாலயும் வர முடியல. ஆஸ்பத்திரியப் பாக்காமலே அந்த பெஞ்சுலயே..." சிரில் நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"அஞ்சு பேரா?" என்றார் குணாளன்.

"ஏத்துனது அஞ்சு. செத்தது நாலு. பிலோமின்னு ஒருத்தி மட்டும் பொழச்சுக்கிட்டா. மறுநாள் தோள்லயே தூக்கிட்டுப் போயி காப்பாத்துனாங்க. இப்ப ஈப்போவுல மக வீட்டுல இருக்கா."

"நாலு இல்லண்ணே... அஞ்சு."

சிரில் அவரை விசித்திரமாகப் பார்த்தார். "என்னப்பா ஒளர்ற? இரு, அவ மக கரேன்கிட்டயே பேசு."

கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள்.

"கரேன், அம்மா எப்படிம்மா இருக்காங்க?"

மறுமுனையில் அழுகை.

"அங்கிள், உங்களுக்குச் சேதி வரலையா? அம்மா போன சனிக்கிழமை போயிட்டாங்க. சாயந்திரம் அஞ்சே கால் இருக்கும்."

குணாளன் கைப்பேசிக்கு அருகே வந்தார்.

"நல்லாத்தான் நாற்காலியில உக்காந்திருந்தாங்க, அங்கிள். திடீர்னு எழுந்து நின்னாங்க. காலைத் தூக்கினாங்க, ஏதோ படியில ஏறுற மாதிரி. வீட்டுல நான் ஒருத்திதான் இருந்தேன். ஆனா என்னப் பாத்துச் சொல்லல..."

"என்னம்மா சொன்னாங்க?"

"'கொஞ்சம் நகந்து உக்காருங்க'ன்னாங்க."