ஸ்டவ் வெடிக்கவில்லை என்று சொன்ன எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்ட உங்களில் பலருக்கு அவர் டீச்சர், சிலருக்குப் பெரியம்மா. எனக்கு அவர் அம்மாவுக்கு அடுத்தபடி. நான் கடைசித் தங்கை. எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னொருவர் இருந்தார். அவரைச் சின்னக்கா என்று கூப்பிடுவேன். சின்னக்கா செத்த விதத்தைச் சொல்லாமல் அக்கா வாழ்ந்த விதத்தைச் சொல்ல முடியாது. நினைவு மலரில் போய் அதையெல்லாம் எழுத வேண்டுமா என்று குடும்பத்தில் சிலர் வருத்தப்பட்டார்கள். அக்காவிடம் கேட்டிருந்தால் எழுது என்றுதான் சொல்லியிருப்பார். அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து நாங்கள் தாம்பரம் வந்தபோது அக்கா கைக்குழந்தை என்று அம்மா சொல்வார். ரயில்வே குடியிருப்பிலேயே நாங்கள் மூவரும் வளர்ந்தோம். அக்கா பட்டப்படிப்பை முடித்த வருடமே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். மேலே படிக்கும் ஆசையை அக்கா அதோடு மூட்டை கட்டி வைத்தார். பள்ளிக்கூடம் ஒன்றில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன், சின்னக்காவுக்குக் கல்யாணம் ஆனது. பெருங்களத்தூரில் இருந்த அந்த வரனை விசாரித்து, நல்ல குடும்பம் என்று முடிவு சொன்னவரும் அக்காதான். பிறகு எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள். அந்த முடிவை அவர் கடைசிவரை தன் தலையில்தான் சுமந்தார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், சின்னக்கா சமைக்கும்போது ஸ்டவ் வெடித்துவிட்டதாகத் தகவல் வந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். அந்தப் பக்கம் மாமியார், இடுப்பில் சின்னக்காவின் மகளை வைத்துக்கொண்டு நின்றார். குழந்தைக்கு மூன்று வயது.

"என்னடி ஆச்சு? எங்கிட்ட சொல்லு" என்று அக்கா குனிந்து கேட்டார்.

சின்னக்கா அக்காவைப் பார்க்கவில்லை. குழந்தையைத்தான் பார்த்தார். "ஸ்டவ் வெடிச்சிருச்சுக்கா" என்றார். போலீஸ் வந்து கேட்டபோதும் அதையே சொன்னார். மறுநாள் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்ததும், சின்னக்காவின் துணிகளை எடுக்க வேண்டும் என்று சொல்லி அக்கா அந்த வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். சமையலறைச் சுவர் கரியாக இருந்தது. மேடையில் ஸ்டவ் முழுசாக இருந்தது. அது திரி ஸ்டவ். பம்ப் அடிக்கிற ஸ்டவ்தான் வெடிக்கும், திரி ஸ்டவ் அப்படி வெடிக்காது என்பது அறிவியல் டீச்சருக்கு மட்டுமல்ல, அன்றைக்கு அடுப்படியில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அக்கா அதைப் போலீஸில் சொன்னார். ஆர்.டி.ஓ. விசாரணையிலும் சொன்னார். "டீச்சரம்மா, உங்க தங்கச்சியே ஸ்டவ்வுன்னு வாக்குமூலம் குடுத்துட்டாங்க. நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார்கள். விபத்து என்று கோப்பை மூடினார்கள். சின்னக்காவின் புருஷன் அடுத்த வருடமே மறுமணம் செய்துகொண்டார். குழந்தையைப் பார்க்க எங்களை அனுமதிக்கவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது தூரத்தில் நின்று பார்ப்போம். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அக்கா கல்யாணப் பேச்சை எடுக்கவிடவில்லை. சனிக்கிழமைகளில் மின்சார ரயில் ஏறிவிடுவார். பல்லாவரம், குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரி என்று எந்த ஊரிலாவது மருமகள் ஸ்டவ் வெடித்துச் செத்தாள் என்று கேள்விப்பட்டால், அந்தப் பெண்ணின் தாய் வீட்டைத் தேடிப் போவார். முக்கால்வாசி வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். "போனவ போயிட்டா, அடுத்தவளுக்குக் கல்யாணம் ஆகணும்மா" என்று கெஞ்சிய தாய்மாரும் உண்டு. அவர்களை அக்கா ஒருபோதும் குறை சொன்னதில்லை. திரும்பி வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். ஒரு ஊரில் ஒரு பெண் செத்தால் அது விபத்து, இத்தனை ஊரில் இத்தனை பெண்கள் ஒரே மாதிரி செத்தால் அதற்கு என்ன பேர் என்று என்னிடம் ஒருமுறை கேட்டார்.

கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்து தாம்பரத்தில் மீன் விற்ற ஒரு அம்மா, ஒருநாள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, எம்பொண்ணு ஆஸ்பத்திரில கீது. ஸ்டவ் வெடிச்சிச்சின்னு சொல்லிகினு கீறாங்கோ. அது வாயே தொறக்க மாட்டேங்குது. நீ வந்து கேளும்மா."

அக்கா அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். புருஷன் வீட்டார் அத்தனை பேரையும் வார்டுக்கு வெளியே அனுப்பும்வரை டாக்டரை விடவில்லை. மாஜிஸ்திரேட் வரும்வரை அந்தப் பெண்ணின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். "உன் பிள்ளைங்கள யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. உங்கம்மா இருக்காங்க, நான் இருக்கேன். நடந்தத சொல்லு" என்றார். அவள் சொன்னாள். பிழைக்கவில்லை, ஆனால் சொல்லிவிட்டுப் போனாள். அவள் புருஷனுக்குத் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு வந்த அன்று அந்த அம்மா சிட்லபாக்கத்தில் அக்கா வீட்டுக்கு வந்து, "எம்பொண்ணு பேசிட்டுப் போச்சிம்மா, அது போதும்" என்று அழுதார். அவரை அனுப்பிவிட்டு வந்த அக்கா என்னிடம், "நம்ம வீட்டுப் பொண்ண நான் பேச வைக்கலையே பாப்பா" என்றார்.

சின்னக்காவின் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர் ஏதாவது பார்த்திருப்பார் என்பது அக்காவின் நம்பிக்கை. அந்த அம்மா வீடு மாறிக்கொண்டே இருந்தார். அக்கா விடாமல் விசாரித்துப் போய்ப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் காபி கிடைக்கும், பதில் கிடைக்காது. கடைசியில் அவர் மறைமலை நகரில் மகன் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று தெரிந்து போனோம். அக்கா எதுவும் கேட்கவே இல்லை. ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தார். அவரே பேசினார்.

"சமையல்ரூம் கதவு வெளிப்பக்கம் தாழ்ப்பா போட்டிருந்துச்சு டீச்சர். சத்தம் கேட்டு ஓடிப்போயி நான்தான் தொறந்தேன். உங்க தங்கச்சி புருஷன் ஹால்ல நின்னுட்டு இருந்தார். நாங்க அவங்க வீட்லதான வாடகைக்கு இருந்தோம்... என் புருஷனே, வாயத் தொறந்தா உன்னயும் தொலைச்சிடுவேன்னுட்டார். என்னை மன்னிச்சிருங்க."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சின்னக்காவின் புருஷன் செத்துப்போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மாமியார் அதற்கு முன்பே போய்விட்டார். தண்டனை கொடுக்க ஆள் இல்லை. உண்மை மட்டும் கிடைத்தது.

சின்னக்காவின் மகள் அதற்குள் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளோடு வண்டலூரில் குடியிருந்தாள். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அவளே எங்களைத் தேடி வந்து ஒட்டிக்கொண்டவள். அப்பாவைப் பற்றி நாங்களும் பேசமாட்டோம், அவளும் பேசமாட்டாள். இதை அவளிடம் சொல்லலாமா கூடாதா என்று அக்கா பல மாதம் தவித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவள் வந்தபோது, ஏரிக்கரையில் போட்டிருக்கும் பெஞ்சுக்கு எங்கள் இருவரையும் அழைத்துப் போனார்.

"உங்கம்மாவப் பத்தி ஒண்ணு சொல்லணும்டி. நீ அத எப்படித் தாங்குவேன்னுதான்..."

"கதவு வெளியில தாழ்ப்பா போட்டிருந்தது. அதானே பெரியம்மா?"

நான்தான் கேட்டேன். "யாருடி சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல சித்தி. நான் அங்கதான் நின்னேன். அம்மா உள்ளேர்ந்து கூப்பிட்டாங்க. தாழ்ப்பா எனக்கு எட்டல." அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எட்டியிருந்தா அம்மா பொழச்சிருப்பாங்க. என் பசங்களுக்கு மூணு வயசு ஆனப்போ ரெண்டு பேரையும் கதவுகிட்ட நிக்க வச்சுப் பாத்தேன். அவங்களுக்கும் எட்டல. அப்புறம்தான் எனக்குக் கொஞ்சம் மனசு ஆறிச்சு."

யார் யாரையோ தேடிப் போய்க் கேட்ட அக்கா, இந்தக் குழந்தையிடம் மட்டும் கேட்கவில்லை. அப்பா செத்தபோதும் சின்னக்கா செத்தபோதும் எங்கள் முன்னால் அழாதவர், அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். "என்கிட்ட சொல்லக்கூடாதாடி" என்று கேட்டார். "நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன் பெரியம்மா" என்றாள் அவள்.

சின்னக்காவின் கல்லறையில் ‘விபத்தில் மறைந்தார்’ என்று பொறித்திருந்தது. அவர் புருஷன் வைத்த கல். அடுத்த வாரமே அக்கா கல் வேலை செய்பவரை அழைத்துக்கொண்டு போய் அதைச் செதுக்கி எடுக்கச் சொன்னார். பதிலுக்கு என்ன எழுதுவது என்று அவர் கேட்டபோது, "அவ சொல்லட்டும்" என்று மகளைக் காட்டினார்.

"கொல்லப்பட்டார்னு போடுங்க" என்றாள் அவள்.

"சர்ச்சுல எதுனா சொல்லப் போறாங்கம்மா" என்று அவர் தயங்கினார்.

"சொன்னா என்னை வந்து கேக்கச் சொல்லுங்க" என்றார் அக்கா. இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை. அந்தச் சொல் இன்றும் அந்தக் கல்லில் இருக்கிறது.

போன வருடம் சிறுநீரகம் கைவிட்டது. டயாலிசிஸ் போதும், வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று அக்காவே சொல்லிவிட்டார். அந்த நாட்களில் உதவியவர்களுக்கு இந்தப் பக்கத்தில் நன்றி சொல்கிறேன். காரும் ஆளும் கேட்காமலே அனுப்பிய தெருக்காரர்களுக்கும், தினமும் வந்து ஜெபித்த சபையாருக்கும், டீச்சரின் கையைப் பிடித்து இட்லி ஊட்டிவிட்ட பழைய மாணவிகளுக்கும் நன்றி. அக்காவிடம் முன்பு கதவைச் சாத்திய வீடுகளிலிருந்தும் அடக்கத்துக்குச் சிலர் வந்திருந்தார்கள். தங்கள் மகள்களின் பெயரை என் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் நன்றி.

எல்லோருக்கும் மேலாகச் சின்னக்காவின் மகளுக்கு. வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து, அக்காவைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, பக்கத்திலேயே இருந்தாள். கடைசி நாட்களில் அக்காவுக்கு ஆள் அடையாளம் தப்பியது. அவளைச் சின்னக்கா என்றே நினைத்துக்கொண்டார். ஒரு காலையில் அவளுடைய கையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எரியுதாடி?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அக்காவின் நெற்றியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, தன் தாயின் இடத்திலிருந்து பதில் சொன்னாள்.

"இல்லக்கா. இப்ப எரியல."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.